வீட்டு ஸ்டூடியோவுக்குச் சாம்ப்ளரும் லைப்ரரியும் தேர்ந்தெடுப்பது எப்படி?

கணினியில் இசையமைக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, எந்தச் சாம்ப்ளரை வாங்கலாம் என்பதுதான். உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. எந்த மாதிரியான இசையை அமைக்கப் போகிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும். அதற்கு என்னென்ன வாத்தியங்கள் தேவை என்பதும், அந்த வாத்தியங்களை நன்றாகப் பதிவு செய்திருக்கும் லைப்ரரி எது என்பதும் அதன் பிறகு வரும். அந்த லைப்ரரி எந்தச் சாம்ப்ளரில் திறக்கும் என்று பார்த்துவிட்டால், சாம்ப்ளர் எது என்பது தானாகவே முடிவாகிவிடும். இந்த வரிசையை மாற்றிக்கொண்டு, விளம்பரத்தில் கேட்ட பெரிய ஆர்க்கெஸ்ட்ராவை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற பாட்டைத் தேடுகிறவர்களிடம், வட்டு நிறைய ஒலிகள் இருக்கும். முடிந்த பாட்டு ஒன்றுகூட இருக்காது.

சாம்ப்ளர் வேறு, லைப்ரரி வேறு

லைப்ரரி என்பது ஒரு வாத்தியத்தை நோட்டு நோட்டாக, மெதுவாகவும் ஓங்கியும், பலமுறை வாசித்துப் பதிவு செய்த ஒலித்துண்டுகளின் தொகுப்பு. அந்தத் துண்டுகளைக் கீபோர்டின் கீகளுக்குப் பிரித்துக் கொடுத்து, நாம் அழுத்தும் வேகத்துக்கு ஏற்ற துண்டை எடுத்து ஒலிக்கச் செய்யும் மென்பொருளே சாம்ப்ளர். ஆகவே நல்ல சாம்ப்ளரில் மோசமான லைப்ரரியைத் திறந்தால் மோசமாகத்தான் கேட்கும். எளிய, இலவசச் சாம்ப்ளரில் அருமையாகப் பதிவான பியானோவைத் திறந்தால் அருமையாகவே கேட்கும். ஒலியின் தரத்தில் பெரும்பங்கு பதிவு செய்த அறைக்கும் மைக்குக்கும் வாசித்த கைக்கும் உரியது.

இந்தத் தொழில்நுட்பம் தனி இயந்திரங்களாகத்தான் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் 1979ஆம் ஆண்டு வெளிவந்த ஃபேர்லைட், 1988இல் ஜப்பானின் அகாய் நிறுவனம் கொண்டுவந்த எஸ்1000 போன்றவை அந்தக் காலத்து ஸ்டூடியோக்களின் பெரும் சொத்துக்கள். எஸ்1000 வாங்கும்போது அதில் இருந்த நினைவகம் 2 எம்பி. அதிகபட்சம் 32 எம்பி வரை கூட்டலாம். அந்தச் சிறிய இடத்துக்குள் ஒலியைச் சுருக்கி, சுழலவிட்டு வாசித்தார்கள். 1998இல் வந்த கிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள், ஒவ்வொரு ஒலியின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு மீதியை வட்டிலிருந்து நேரடியாகப் படிக்கும் முறையைக் கொண்டுவந்தது. இன்று நாம் பயன்படுத்தும் பெரிய லைப்ரரிகள் எல்லாம் அந்த முறையால்தான் சாத்தியமாயின. இதை நினைவில் வைத்துக்கொண்டால், ராம் (கணினியின் நினைவகம்), வட்டு ஆகியவை பற்றிப் பின்னால் சொல்லப்போவது எளிதாகப் புரியும்.

முதல் படி: தேவையைத் தாளில் எழுதுங்கள்

அடுத்த ஆறு மாதத்தில் நீங்கள் செய்யப்போகும் வேலை என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். குறும்படத்துக்குப் பின்னணி இசையா, மெல்லிசைப் பாடலா, பக்திப் பாடலா, வெறும் பியானோவும் குரலுமா என்று குறித்துவிட்டு, அதற்குக் கீழே வாத்தியங்களின் பெயர்களை எழுதுங்கள். உதாரணமாக, ஒரு மெல்லிசைப் பாடலுக்குப் பியானோ, தந்தி வாத்தியக் குழு, அக்கூஸ்டிக் கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், தபலா அல்லது மிருதங்கம், புல்லாங்குழல் என்று பட்டியல் வரலாம்.

பிறகு, இவற்றில் எதை ஆள் வைத்து உண்மையாக வாசிக்கவைக்க முடியும் என்று பாருங்கள். புல்லாங்குழல் வாசிக்கும் நண்பர் ஒருவர் இருந்தால், புல்லாங்குழல் லைப்ரரிக்குப் பணம் செலவழிக்காமல் ஒரு நல்ல மைக் வாங்குவது மேல். திரைப்பாடல் துறையிலும் இந்த வழக்கம் உண்டு. கீபோர்டு புரோகிராமர் முழுப் பாட்டையும் சாம்ப்ளரிலேயே அமைத்துக் கொடுப்பார். அதன்பின் கேட்பவர் காது போய் நிற்கும் வாத்தியத்தை மட்டும் லைவ்வாக வாசிக்கவைத்து மாற்றுவார்கள். பின்னணியில் நிற்கும் தந்திக் குழு சாம்ப்ளரிலேயே இருந்துவிடும். முன்னணியில் நிற்கும் ஒற்றை வயலின்தான் சாம்ப்ளரை எளிதில் காட்டிக்கொடுக்கும். எனவே உங்கள் பட்டியலில் பின்னணி வாத்தியங்களுக்கே முதலில் லைப்ரரி தேடுங்கள்.

இரண்டாம் படி: கணினி எவ்வளவு தாங்கும்

லைப்ரரிகள் ஏன் இவ்வளவு இடத்தைப் பிடிக்கின்றன என்பதை ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால், எதைத் தரவிறக்கலாம், எதை விட்டுவிடலாம் என்பது தெளிவாகும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஸ்டீரியோவாகப் பதிவான ஒலி, ஒரு விநாடிக்கு 288 கேபி இடம் எடுக்கும். பியானோவின் ஒரு நோட்டு 20 விநாடி ஒலித்து அடங்குகிறது என்று வைத்தால் அது 5.76 எம்பி. அப்படி 88 கீகளையும், ஒவ்வொன்றையும் 16 வகை அழுத்தத்தில் பதிவு செய்தால் ஏறத்தாழ 8.1 ஜிபி ஆகிவிடும். அதையே மூன்று வெவ்வேறு மைக் நிலைகளில் பதிவு செய்தால் 24 ஜிபியைத் தாண்டும். மாறாக, எல்லாக் கீகளையும் பதிவு செய்யாமல் மூன்று கீக்கு ஒன்று என 30 கீகளை மட்டும் பதிவு செய்து, இடையில் உள்ளவற்றைச் சாம்ப்ளரே அரைச் சுரம் ஏற்றியும் இறக்கியும் நிரப்பிக்கொள்ளுமாறு விட்டால், 2.8 ஜிபிக்குள் அடங்கிவிடும். யமஹா சி5 பியானோவிலிருந்து பதிவு செய்யப்பட்டு இலவசமாகக் கிடைக்கும் சாலமாண்டர் கிராண்ட் பியானோ இந்த இரண்டாம் முறையில், 16 அழுத்த அடுக்குகளுடன் செய்யப்பட்டது. அரைச் சுரம் நகர்த்தியதை ஒரு பாட்டுக்குள் கேட்டுக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் மிகக் குறைவு. ஆகவே ஜிபி கணக்கைத் தரத்தின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் மைக் நிலைகளின் எண்ணிக்கைதான் அந்த எண்ணைப் பெருக்குகிறது.

அடுத்து வட்டு. சஸ்டெயின் பெடலை மிதித்துக்கொண்டு இரண்டு கைகளாலும் பியானோ வாசிக்கும்போது, அதனுடன் தந்திக் குழுவும் சேர்ந்தால், ஒரே நேரத்தில் 200 ஒலித்துண்டுகள் ஓடுவது சாதாரணம். அதற்கு விநாடிக்கு ஏறத்தாழ 58 எம்பி படிக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு இந்த அளவு பெரிதில்லை என்றாலும், அதன் ஊசி 200 வெவ்வேறு இடங்களுக்குத் தாவித் தாவிப் படிக்க வேண்டியிருப்பதால் திணறிப்போகும். ஒலி நடுவில் விக்கும், வெடிக்கும். எஸ்எஸ்டியில் ஊசி கிடையாது என்பதால் இந்தச் சிக்கல் எழாது. புதிதாகத் தொடங்குகிறவர் கையில் கொஞ்சம் பணம் இருந்தால், எந்த லைப்ரரியையும் வாங்கும் முன் ஒரு எஸ்எஸ்டி வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. யுஎஸ்பி 3 வழியாக இணைக்கும் வெளிப்புற எஸ்எஸ்டியே போதும். லைப்ரரிகளை அதில் வைத்துவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பிரதி எடுத்துவைக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ராம் 8 ஜிபி இருந்தால் சிறிய லைப்ரரிகளை வைத்துக்கொண்டு ஒரு முழுப் பாட்டை முடித்துவிடலாம். 16 ஜிபி இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். அதற்கு மேல் தேவைப்படுவது முழு ஆர்க்கெஸ்ட்ராவை ஒரே கோப்பில் திறந்துவைத்து எழுதுகிறவர்களுக்குத்தான். ராம் பற்றாக்குறையாக இருக்கும்போது சாம்ப்ளரில் இரண்டு வசதிகளைத் தேடுங்கள். வட்டிலிருந்து படிக்கும் முறைக்காக ஒவ்வொரு ஒலியின் தொடக்கத்தையும் எவ்வளவு நினைவகத்தில் வைப்பது என்ற அளவைக் குறைக்கும் வசதி ஒன்று. பின்னால் சொல்லப்போகும் காண்டாக்ட் என்ற சாம்ப்ளரில் இது வழக்கமாக 60 கேபி என்று இருக்கும். எஸ்எஸ்டி இருந்தால் இதைப் பெருமளவு குறைக்கலாம். பாட்டில் பயன்படாத நோட்டுகளை நினைவகத்திலிருந்து வெளியேற்றும் பர்ஜ் வசதி மற்றொன்று. இவை போதாவிட்டால், முடிந்த ட்ராக்கை ஆடியோவாக மாற்றிவிட்டுச் சாம்ப்ளரை மூடிவிடலாம்.

கீயை அழுத்தியதும் ஒலி தாமதமாக வருகிறது என்று பலர் சாம்ப்ளரைக் குறை சொல்வார்கள். அது ஆடியோ பஃபர் அமைப்பை, அதாவது கணினி ஒலியை ஒரு தடவைக்கு எவ்வளவு சேர்த்துவைத்து அனுப்புகிறது என்ற அளவைச் சார்ந்தது. 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 512 என்று வைத்தால் அதனால் மட்டும் ஏறத்தாழ 10.7 மில்லிவிநாடி தாமதம் உண்டாகும். 128 என்று வைத்தால் 2.7 மில்லிவிநாடிதான். வாசித்துப் பதிவு செய்யும்போது சிறிய எண்ணும், மிக்ஸிங் செய்யும்போது பெரிய எண்ணும் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கணினியாக இருந்தால் ஆடியோ இண்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியுடன் இணைக்கும் கருவி) நிறுவனம் தரும், தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவரை நிறுவுவது அவசியம்.

மூன்றாம் படி: கையில் இருப்பதைத் திறந்து பாருங்கள்

நீங்கள் பயன்படுத்தும் ஒலிப்பதிவு மென்பொருளுக்குள்ளேயே பெரும்பாலும் ஒரு சாம்ப்ளர் இருக்கும். லாஜிக் ப்ரோவில் சாம்ப்ளர், குவிக் சாம்ப்ளர் என்று இரண்டு உண்டு. 2020இல் வந்த 10.5 பதிப்பில், பல ஆண்டுகளாக இருந்த இஎக்ஸ்எஸ்24க்குப் பதிலாக இவை வந்தன. ஏபிள்டன் லைவில் சிம்ப்ளர், க்யூபேஸில் சாம்ப்ளர் ட்ராக், எஃப்எல் ஸ்டூடியோவில் டைரக்ட்வேவ், ரீப்பரில் ரீசாம்பிளோமேட்டிக்5000 ஆகியவை இருக்கின்றன. மேக் வைத்திருப்பவர்களுக்குக் காரேஜ்பேண்ட் இலவசமாகவே கிடைக்கிறது. அதிலுள்ள பியானோவும் டிரம்ஸும் ஒரு தொடக்கக்காரருக்கு ஓராண்டுக்குத் தாராளம்.

அதற்கு மேல் தேவைப்பட்டால், பணம் கொடுக்கும் முன் இலவசமானவற்றை முயன்று பார்ப்பதே முறை. எஸ்எஃப்இசட் என்ற வடிவத்தில் பல நல்ல லைப்ரரிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த ஒலிக்கோப்பு எந்தக் கீயில், எந்த அழுத்தத்தில் ஒலிக்க வேண்டும் என்பது இந்த வடிவத்தில் சாதாரண எழுத்துக் கோப்பாக எழுதப்பட்டிருக்கும் என்பதால், நோட்பேடில் திறந்து நீங்களே திருத்தலாம். இதைத் திறக்க ப்ளோக் நிறுவனத்தின் ஸ்ஃபோர்சாண்டோ இலவசமாகக் கிடைக்கிறது. மேலே சொன்ன சாலமாண்டர் பியானோவையும், வெர்சிலியன் ஸ்டூடியோஸ் வெளியிட்ட விஎஸ்சிஓ 2 சமூகப் பதிப்பு ஆர்க்கெஸ்ட்ராவையும் இதில் திறக்கலாம். டீசண்ட் சாம்ப்ளர் என்ற இன்னொரு இலவச மென்பொருள் உண்டு. பியானோபுக் என்ற தளத்தில் உலகெங்கும் உள்ள இசைக்கலைஞர்கள் தங்கள் வீட்டுப் பியானோக்களையும் வினோதமான வாத்தியங்களையும் பதிவு செய்து பகிர்வதில் பெரும்பகுதி அதில் திறக்கும். ஸ்பிட்ஃபயர் ஆடியோவின் லேப்ஸ் தொகுப்பில் உள்ள மென்மையான பியானோவும் தந்திக் குழுவும் குறும்பட இசைக்கு மிகவும் பொருந்துபவை.

ஆர்க்கெஸ்ட்ரா எழுதக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு அதே நிறுவனத்தின் பிபிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா டிஸ்கவரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். லண்டனின் மெய்டா வேல் ஸ்டூடியோவில் அந்தக் குழுவையே வாசிக்கவைத்துப் பதிவு செய்த லைப்ரரியின் மிகச் சிறிய வடிவம் அது. சுமார் 200 எம்பிதான். அதன் பெரிய பதிப்பு 600 ஜிபி அளவில் இருக்கிறது. சிறிய பதிப்பில் எழுதிய இசையைப் பின்னால் பெரிய பதிப்புக்கு மாற்றிக்கொள்ளும் விதமாக இரண்டையும் ஒரே அமைப்பில் செய்திருப்பதால், இப்போது கற்பது வீணாகாது.

நான்காம் படி: காண்டாக்ட் வேண்டுமா, வேண்டாமா

ஜெர்மனியின் நேட்டிவ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் 2002இல் வெளியிட்ட காண்டாக்ட், இந்தத் துறையில் பொதுமொழிபோல ஆகிவிட்டது. விற்பனைக்கு வரும் லைப்ரரிகளில் பெரும்பகுதி அதற்காகத்தான் செய்யப்படுகிறது. புதியவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுவே. காண்டாக்ட் பிளேயர் என்ற இலவச வடிவம் ஒன்றும், முழுக் காண்டாக்ட் என்ற விலையுள்ள வடிவம் ஒன்றும் இருக்கின்றன. லைப்ரரி தயாரித்தவர் நேட்டிவ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸிடம் உரிமம் பெற்றிருந்தால் மட்டுமே அது இலவசப் பிளேயரில் தடையின்றி ஓடும். உரிமம் பெறாத லைப்ரரியைப் பிளேயரில் திறந்தால் 15 நிமிடம் ஒலித்துவிட்டு நின்றுவிடும். விற்பனைப் பக்கத்தில் முழுக் காண்டாக்ட் தேவை என்ற வரி, பெரும்பாலும் கீழே சிறிய எழுத்தில்தான் இருக்கும். அதைப் பார்க்காமல் மலிவான லைப்ரரியை வாங்கினால், அதைத் திறக்க அதைவிடப் பல மடங்கு விலையில் சாம்ப்ளர் வாங்க வேண்டிவரும்.

எத்தனையாவது பதிப்பு தேவை என்பதும் அதே வரியில் இருக்கும். புதிய பதிப்பில் செய்து சேமித்த வாத்தியத்தைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. எனவே நண்பர் கொடுத்த பழைய காண்டாக்ட் உரிமத்தை நம்பிப் புதிய லைப்ரரியை வாங்கிவிடாதீர்கள்.

என் பரிந்துரை எளிது. முதலில் இலவசப் பிளேயரை மட்டும் நிறுவிக்கொண்டு, பிளேயரில் ஓடும் லைப்ரரிகளாகவே தேர்ந்தெடுங்கள். உங்கள் தாளில் உள்ள வாத்தியங்களில் குறைந்தது மூன்றுக்காவது முழுக் காண்டாக்ட் தேவைப்படும் லைப்ரரிதான் சிறந்தது என்று தெரிந்தால், அப்போது முழுப் பதிப்பை வாங்குவது நியாயம். நவம்பர் கடைசியில் நடக்கும் பிளாக் ஃப்ரைடே விற்பனையில் இத்துறையின் பல நிறுவனங்களும் விலையை வெகுவாகக் குறைக்கும் என்பதால், அவசரம் இல்லாதவர்கள் அதுவரை காத்திருக்கலாம். டாலர் விலையைப் பார்த்துக் கணக்குப் போடும்போது வரியையும், வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில நிறுவனங்கள் தங்கள் லைப்ரரிகளுக்குத் தாங்களே சாம்ப்ளர் செய்துகொண்டுள்ளன. வியன்னா சிம்பொனிக் லைப்ரரிக்குச் சின்க்ரான் பிளேயர், ஆர்கெஸ்ட்ரல் டூல்ஸுக்கு சைன், ஈஸ்ட்வெஸ்ட்டுக்கு ஓபஸ் ஆகியவை அப்படிப்பட்டவை. இவற்றில் சாம்ப்ளருக்கெனத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. சைனில் முழுத் தொகுப்பை வாங்காமல் ஒற்றை வாத்தியத்தை மட்டும் வாங்கும் வசதி இருப்பது, பணத்தை எண்ணிச் செலவழிக்கும் நமக்கு உதவக்கூடியது. சாம்ப்ளர் உங்கள் ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் திறக்க வேண்டும் என்பதால், வாங்கும் முன் ப்ளக்-இன் வடிவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: லாஜிக்குக்கும் காரேஜ்பேண்டுக்கும் ஏயு வடிவம், ப்ரோ டூல்ஸுக்கு ஏஏஎக்ஸ், மற்ற பெரும்பாலானவற்றுக்கு விஎஸ்டி3.

ஐந்தாம் படி: காதால் சோதித்தல்

விளம்பர இசையைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அதை அமைத்தவர் அந்த லைப்ரரியின் பலவீனங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, பலமான இடங்களில் மட்டும் எழுதியிருப்பார். எதிரொலியும் மற்ற வாத்தியங்களும் மீதியை மூடியிருக்கும். எதிரொலி சேர்க்காமல் ஒருவர் வெறுமனே வாசித்துக்காட்டும் காணொளியைத் தேடுங்கள். சோதனைப் பதிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. திறந்ததும் சாம்ப்ளருக்குள் இருக்கும் ரிவெர்பை முதலில் அணைத்துவிடுங்கள்.

பியானோவானால், நடு சி நோட்டை மிக மெதுவாக அழுத்தத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் இம்மியளவு அழுத்தம் கூட்டி, ஓங்கி அடிக்கும் வரை செல்லுங்கள். கீபோர்டு கணினிக்கு அனுப்பும் மிடி தகவலில் அழுத்தம் 127 வரை எண்ணாகக் குறிக்கப்படுகிறது. 16 அடுக்குகள் உள்ள லைப்ரரியில் சராசரியாக எட்டு எண்ணுக்கு ஒரு முறை வேறு பதிவுக்கு மாறும். நான்கே அடுக்குகள் இருந்தால், மெதுவான ஒலியிலிருந்து பளிச்சென்ற ஒலிக்குத் திடீரென்று தாவும் இடம் காதில் நன்றாகவே படும். அந்தத் தாவல், மெலடி வாசிக்கும் நடு ஸ்தாயியில் இருக்கிறதா என்று கவனியுங்கள். அங்கே இருந்தால் ஒவ்வொரு பாட்டிலும் அது உங்களைத் தொந்தரவு செய்யும். அதன்பின், பெடலை மிதித்து ஒரு நோட்டை அழுத்தி, அது முழுவதும் அடங்கும் வரை கேளுங்கள். மலிவான பதிவுகளில் ஒலி பாதியில் அறுந்துவிடும் அல்லது ஒரே அலை திரும்பத் திரும்பச் சுழலுவது கேட்கும்.

தாள வாத்தியங்களுக்குச் சோதனை வேறு. ஒரே நோட்டை ஒரே அழுத்தத்தில் வேகமாக எட்டு முறை அடியுங்கள். ஒவ்வொரு அடியும் அச்சு எடுத்ததுபோல் ஒன்றாகவே இருந்தால், அது இயந்திரத் துப்பாக்கி சுடுவதுபோல் கேட்கும். இதைத் தவிர்க்கவே நல்ல லைப்ரரிகளில் ஒரே அடியை நான்கைந்து முறை பதிவு செய்து மாற்றி மாற்றி ஒலிக்கவிடுவார்கள். ரவுண்ட் ராபின் என்பது இதுதான். டிரம்ஸ், தபலா, தந்தி வாத்தியங்களின் குறுகிய நோட்டுகள் ஆகியவற்றுக்கு, அழுத்த அடுக்குகளைப்போலவே ரவுண்ட் ராபினும் முக்கியம் என்று சொல்வேன்.

தந்திக் குழுவையும் குழல் வாத்தியங்களையும் சோதிக்கும்போது, ஒரு நோட்டிலிருந்து அடுத்த நோட்டுக்கு விடாமல் செல்லும் லெகாட்டோவைப் பாருங்கள். நல்ல லைப்ரரியில் அந்தப் பயணமே தனியாகப் பதிவு செய்யப்பட்டிருக்கும். வேகமாக வாசிக்கும்போது அது பின்தங்குகிறதா என்பதும் தெரிய வேண்டும். நோட்டைப் பிடித்துக்கொண்டு மாட்யுலேஷன் வீலை மெதுவாக ஏற்றும்போது, ஒலி வெறுமனே சத்தம் கூடுகிறதா, அல்லது வில்லின் அழுத்தம் கூடியதுபோல் அதன் நிறமும் மாறுகிறதா என்று கேளுங்கள். நிறம் மாறினால்தான் அது உயிருள்ள தந்திக் குழு.

நம் வாத்தியங்களைத் தேடும்போது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. மேற்கத்திய வாத்தியங்களுக்கு நூற்றுக்கணக்கில் லைப்ரரிகள் இருக்க, கர்னாடக இசை வாத்தியங்களுக்கு விரல்விட்டு எண்ணும் அளவில்தான் உள்ளன. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஸ்வர் சிஸ்டம்ஸின் ஸ்வர்பிளக்கில் தபலா, சிதாருடன் மிருதங்கம், கடம் போன்றவையும் கிடைக்கின்றன. நேட்டிவ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிஸ்கவரி வரிசையில் இந்தியாவுக்கு ஒரு தொகுப்பு உண்டு. எதை எடுத்தாலும் கீழே சொல்வதைச் சோதித்துப் பாருங்கள்.

மிருதங்கத்தின் வலந்தலை (வலது பக்கத் தோல்), பாடுகிறவரின் ஆதார சுருதிக்குச் சேர்க்கப்படுவது. ஆண் குரல் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையிலும் பெண் குரல் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுவது வழக்கம் என்பதால், வித்வான்கள் தக்கு (தாழ்ந்த) சுருதிக்கு ஒன்றும் எச்சு (உயர்ந்த) சுருதிக்கு ஒன்றுமாக வேறு வேறு நீளமுள்ள மிருதங்கங்களை வைத்திருப்பார்கள். ஒரே மிருதங்கத்தை ஒரு கட்டையில் பதிவு செய்துவிட்டு, அதை ஐந்து கட்டைக்குச் சாம்ப்ளரில் ஏற்றினால், சுருதி சேரும். ஆனால் அடியின் முழக்கம் சுருங்கிப் பொம்மை வாத்தியம்போல் ஆகிவிடும். எனவே லைப்ரரியில் எந்தச் சுருதிகளில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் பாடகரின் கட்டைக்கு இரண்டு அரைச் சுரத்துக்குள் ஒரு பதிவு இருந்தால் போதும். இடது பக்கத் தோலான தொப்பியில் கையை அழுத்தி எழுப்பும் கும்கி தனியாகப் பதிவாகியிருக்கிறதா என்பதும், நம், தின், சாப்பு, அரைச்சாப்பு போன்ற சொற்கள் தனித்தனிக் கீகளில் இருக்கின்றனவா என்பதும் முக்கியம். திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டுகளான லூப்களாக மட்டும் தருவதானால், அவை பெரும்பாலும் நான்கு எண்ணிக்கையிலேயே இருக்கும். மிஸ்ர சாபுவும் (ஏழு எண்ணிக்கை) கண்ட சாபுவும் (ஐந்து எண்ணிக்கை) உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சுர வாத்தியங்களில் சிக்கல் கமகம். வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது சுரம் மெட்டின் இடத்திலிருந்து மேலேதான் ஏறும். ஆகவே சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டு வீலையும் மேல்நோக்கி மட்டும் பயன்படுத்தினால்தான் வீணைபோல் கேட்கும். பெண்டின் எல்லை வழக்கமாக இரண்டு அரைச் சுரம் என்று அமைந்திருக்கும். அதை நான்காகவோ ஐந்தாகவோ மாற்ற அந்த லைப்ரரி இடம் தருகிறதா என்று பார்க்க வேண்டும். வயலினுக்கு மேற்கத்திய லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்கள் பலர். அதில் வாசித்தவரின் விப்ராட்டோ (சுரத்தின் இலேசான நடுக்கம்) ஏற்கெனவே ஒலிக்குள் பதிந்திருக்கும். அதன் மேல் நாம் கம்பிதம் என்ற கமக அசைவை ஏற்றினால் அசைவு இரண்டும் மோதிச் சுரமே நிலைகொள்ளாது. விப்ராட்டோ இல்லாமல் பதிவு செய்த பேட்ச் (ஒலி அமைப்பு) இருக்கும் லைப்ரரியே கர்னாடக இசைக்கு ஏற்றது. தம்புராவுடன் சேர்த்து வாசிப்பதானால் இன்னொன்றும் உண்டு: கீபோர்டின் சமப் பகுப்பில் அந்தர காந்தாரம் 400 செண்டில் (ஓர் அரைச் சுரம் 100 செண்டு) நிற்கிறது, தம்புராவிலிருந்து இயல்பாக எழும் காந்தாரமோ ஏறத்தாழ 386 செண்டில் இருக்கிறது. சுரங்களைத் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி சாம்ப்ளரில் இருந்தால் இந்த உரசல் தீரும்.

கமகம் நிறைந்த இசைதான் உங்கள் முதன்மை வேலை என்றால், பதிவு செய்த ஒலியைப் பயன்படுத்தாமல், வாத்தியத்தின் இயக்கத்தைக் கணக்கிட்டு ஒலியை உண்டாக்கும் மென்பொருள்களையும் பாருங்கள். ஆடியோ மாடலிங் நிறுவனத்தின் ஸ்வாம் வயலின் அந்த வகை. அதில் எக்ஸ்பிரஷன் பெடலோ, ஊதும் காற்றால் ஒலியைக் கட்டுப்படுத்தும் பிரெத் கண்ட்ரோலரோ இல்லாமல் வாசிப்பது கடினம். ஆனால் சுரத்தை எவ்வளவு வளைத்தாலும் ஒலி உடையாது. பியானோவுக்கு மோடார்ட் நிறுவனத்தின் பியானோடெக் இதே முறையில் செய்யப்பட்டது. அதற்கு ஜிபி கணக்கில் இடமும் தேவையில்லை.

நாதஸ்வரம், தவில், பறை போன்றவற்றுக்குத் திருப்தியான லைப்ரரி கிடைக்காதபோது, நீங்களே ஒரு சிறிய லைப்ரரி செய்துகொள்ள முடியும். பறையை எடுத்துக்கொண்டால், வாசிப்பவரை ஒரு மெத்தை விரித்த அறையில் உட்காரவைத்து, ஒவ்வொரு அடியையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று அழுத்தத்தில், ஒவ்வொன்றும் நான்கு முறை வாசிக்கவைத்துப் பதிவு செய்யுங்கள். இடையில் மைக்கை நகர்த்தாதீர்கள், பதிவு அளவையும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு அடியையும் அது தொடங்கும் இடத்திலேயே துல்லியமாக வெட்டி, பெயரிட்டு, டீசண்ட் சாம்ப்ளரிலோ எஸ்எஃப்இசட் கோப்பிலோ கீகளுக்கு ஒதுக்குங்கள். ஐந்து வகை அடிகளுக்கு 60 துண்டுகள் வரும்; ஒரு நாள் மாலையில் முடிந்துவிடும் வேலை. வாசித்தவருக்கு உரிய சம்பளத்தைக் கொடுத்து, அந்த ஒலிகளை எந்தெந்த வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உரிமமும் பாதுகாப்பும்

லைப்ரரியை வாங்கும்போது ஒலிகளை நாம் சொந்தமாக வாங்குவதில்லை. அவற்றை நம் இசைக்குள் பயன்படுத்தும் உரிமத்தைத்தான் வாங்குகிறோம். பாட்டில் பயன்படுத்தலாம், விற்கலாம், படத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் அதே ஒலிகளைத் தனியாக எடுத்து இன்னொரு லைப்ரரியாக விற்கக் கூடாது என்பதே பெரும்பாலான உரிமங்களின் சாரம். இலவச லைப்ரரிகளில் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டா, பெயர் குறிப்பிட வேண்டுமா என்று பார்க்க வேண்டும். விஎஸ்சிஓ 2 சமூகப் பதிப்பு எந்த நிபந்தனையும் இல்லாத சிசி0 உரிமத்தில் வருகிறது; எல்லாம் அப்படி இருக்காது.

லூப்களில் கூடுதல் கவனம் வேண்டும். நீங்கள் முறையாக வாங்கிய அதே லூப்பை வேறொருவரும் வாங்கி, தன் பாட்டை, உரிமையுள்ள ஒலியை அடையாளம் காணும் யூடியூபின் கண்டெண்ட் ஐடியில் பதிந்திருந்தால், உங்கள் பாட்டின் மேல் உரிமைக் கோரல் வரக்கூடும். அப்போது வாங்கிய ரசீதும் உரிமப் பக்கமும்தான் துணை நிற்கும். ஆகவே ஒவ்வொரு லைப்ரரிக்கும் ரசீது, சீரியல் எண், உரிமத்தின் நகல் ஆகியவற்றை ஒரே ஃபோல்டரில் சேமித்துவையுங்கள். லூப்பை அப்படியே பயன்படுத்தாமல், வெட்டி மாற்றியமைத்தோ வேறு வாத்தியங்களுடன் கலந்தோ பயன்படுத்துவதும் நல்லது.

ஹார்ட் டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான ஜிபி லைப்ரரிகளைப் பதிந்து மலிவாகத் தருவதாகச் சொல்கிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். அதை வாங்காதீர்கள். வைரஸ் ஆபத்தும், புதுப்பிப்பு கிடைக்காததும் ஒரு பக்கம் இருக்க, நாளை ஒரு தயாரிப்பாளர் உரிமச் சான்று கேட்டால் காட்ட எதுவும் இருக்காது. ஒரு மிருதங்க வித்வான் நாள் முழுக்க உட்கார்ந்து ஒரே சொல்லை நூறு முறை வாசித்ததற்கான கூலி அந்த விலையில் இருக்கிறது என்பதையும் இசைக்கலைஞர்களாகிய நாமே மறந்துவிடக் கூடாது.

நிறுவும்போது எல்லா லைப்ரரிகளையும் எஸ்எஸ்டியில் ஒரே ஃபோல்டருக்குள், வாத்தியத்தின் பெயரில் பிரித்து வையுங்கள். பின்னால் இடம் மாற்றினால், பழைய பாட்டைத் திறக்கும்போது ஒலிகளைக் காணவில்லை என்று சாம்ப்ளர் கேட்கும். தரவிறக்கிய கோப்புகளின் பிரதி ஒன்றை ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டால், கணினி மாற்றும்போது மறுபடியும் பல நாள் தரவிறக்க வேண்டியதில்லை. முடிந்த ஒவ்வொரு பாட்டின் மிடி கோப்பையும், எல்லா ட்ராக்குகளின் ஆடியோ வடிவத்தையும் சேர்த்துச் சேமியுங்கள். பத்தாண்டு கழித்து அந்தச் சாம்ப்ளரே இல்லாமல் போனாலும் பாட்டைத் திறந்து மீண்டும் மிக்ஸ் செய்ய முடியும்.